நட்சத்திரங்களுக்கு ரிக்கார்டு போடப் போன கதை

ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, பந்தலின் ஓரமாக உட்கார்ந்திருப்பார். கேசட்டும் சிடியும் வருவதற்கு முன்பு அவருடைய பெரிய சொத்தே ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள்தான். பிள்ளையார் பாட்டில் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்குப் பழைய பாட்டு வேண்டும், இளவட்டங்களுக்குப் புதுப்படப் பாட்டு வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் சண்டைதான்!

1977-ல் அமெரிக்காவில் ஒரு சிறு குழுவுக்கு இதே வேலை வந்து சேர்ந்தது. ஒரே வித்தியாசம், இந்த மைக் செட் திரும்பி வரப்போவதில்லை. கேட்கப் போகிறவர்கள் யார் என்றும் தெரியாது. மொத்த பூமிக்கும் சேர்த்து ஒரே ஒரு இசைத்தட்டு!

அந்தத் தட்டு போன பாதையில் நம்முடைய ஜவ்வாது மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு என்ற வானியலாளர் தேடிப் பிடித்த இடம் அது. நகர வெளிச்சம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தெற்கு வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும் நேரம். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அதே நேரத்தில் இந்துமாக்கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் இருந்தபடி ஜேம்ஸ் எலியட் குழுவினரும் அந்த நட்சத்திரத்தைக் கவனித்துக் கொண்டிருந்தார்கள். பதிவுகளை எல்லாம் ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு!

அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ந் தேதி வாயேஜர் 2, செப்டம்பர் 5-ந் தேதி வாயேஜர் 1 என இரண்டு விண்கலங்களை நாசா ஏவியது. இரண்டின் உடம்பிலும் ஆளுக்கொரு தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு பொருத்தப்பட்டிருந்தது. 12 அங்குல அகலம். சாதாரண எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33 1/3 முறை சுற்றும். இது அதில் பாதி வேகம், அதாவது 16 2/3. அப்போதுதான் ஒன்றரை மணி நேர இசையை அடக்க முடியும். கூடவே இசைத்தட்டு ஊசியும், எப்படிப் போட்டுக் கேட்பது என்ற படக் குறிப்பும் உண்டு. எதையும் மறக்கவில்லை பாருங்கள்!

பாட்டுகளைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் கார்ல் சேகன். ஆன் ட்ரூயன், டிமோதி ஃபெரிஸ், ஃபிராங்க் டிரேக் முதலியோர் உடன் இருந்தார்கள். கிடைத்த அவகாசம் சில வாரங்கள்தான். நாட்டுப்புற இசைகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸிடம் யோசனை கேட்டார்கள். சக் பெர்ரியின் ராக் பாட்டைச் சேர்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அது விடலைத்தனமானது என்றார். பூமியில் விடலைகளும் நிறைய இருக்கிறார்களே என்பது சேகனின் பதில். பாட்டு சேர்ந்தது.

இன்னொரு ஆலோசகர் ராபர்ட் பிரவுன். இவரைப் பற்றித் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த அமெரிக்கர் இவர். மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனை வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தவரும் இவரே. ஆனால் இந்தியாவுக்காக அவர் பரிந்துரைத்தது கேசர்பாய் கேர்க்கர் என்ற கோவாவில் பிறந்த இந்துஸ்தானிப் பாடகியை. பைரவி ராகத்தில் மூன்றரை நிமிடப் பாட்டு. (இது கர்நாடக பைரவி அல்ல, நம்முடைய சிந்துபைரவிக்கு நெருங்கிய உறவு.)

பாட்டு முடிவாகிவிட்டது, ஆனால் தட்டு கிடைக்கவில்லை! கடைகளில் விற்பனையே நின்று போயிருந்தது. ஆன் ட்ரூயன் தேடி அலைந்து, கடைசியில் நியூயார்க்கில் இந்தியர் ஒருவர் நடத்திய மின்சாதனக் கடையில் அதைக் கண்டுபிடித்தார். வாயேஜர் 1 கிளம்பிப் பதினொரு நாளில், 1977 செப்டம்பர் 16-ல், கேசர்பாய் காலமானார்.

மொத்தம் 27 இசைப் பதிவுகள். பாக், பீத்தோவன், மொசார்ட் இருக்கிறார்கள். ஜாவா அரண்மனையின் கேமலான், ஜப்பானியப் புல்லாங்குழல், செனகல் பறையொலி, பெரு நாட்டுக் கல்யாணப் பாட்டு, நவஹோ பழங்குடியினரின் இரவுப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. இதோடு 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, மராத்தி, ஒரியா, ராஜஸ்தானி உண்டு. சிங்களம் உண்டு. பேச ஆளே இல்லாத சுமேரிய மொழிகூட உண்டு.

தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை. கர்நாடக இசையும் இல்லை.

இதைப் படித்ததும் கோபம் வரும். ஆனால் சதி என்று கத்துவதற்கு முன்னால் அந்தப் பட்டியல் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். அதிகம் பேர் பேசும் மொழிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் பேச ஆள் கிடைத்த மொழிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எந்தச் சேகரிப்பும் இப்படித்தான். சிறந்தது எல்லாம் அதில் சேர்வதில்லை. சேகரிப்பவரின் கைக்கு எட்டியதுதான் சேர்கிறது. கேசர்பாயின் பாட்டு அந்தக் கடையில் கிடைக்காமல் போயிருந்தால்?

1986 ஜனவரி 6-ந் தேதி காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982-லேயே மறைந்துவிட்டார். ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சரியாகப் பதினெட்டு நாள் கழித்து, ஜனவரி 24-ல், வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. காவலூரில் சில விநாடி மங்கலாக மட்டும் தெரிந்த வளையங்களைப் பக்கத்தில் இருந்து படம் பிடித்தது. தமிழ் இல்லாத அந்தத் தட்டு, தமிழ்நாட்டு மலையில் இருந்து கவனிக்கப்பட்ட வளையங்களின் அருகே போய்ச் சேர்ந்தது!

2012-ல் வாயேஜர் 1, 2018-ல் வாயேஜர் 2 சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டன. இன்னொரு நட்சத்திரத்தின் பக்கம் போக சுமார் 40,000 ஆண்டுகள் ஆகும். அந்தத் தட்டில் இனி ஒரு வரியையும் யாராலும் சேர்க்க முடியாது.

ஆனால் நம் வீட்டுப் பரணிலும், பழைய மைக் செட் கடைகளின் மூலையிலும் தட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றன. மலைக் கிராமங்களின் எத்தனையோ பாட்டுகள் பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த முறை யாராவது தேடி வரும்போது கைக்கு எட்டும்படி அவற்றை வைக்க ஒரு செல்போன் போதுமே!