லிபெரோவா, காவலாளியா? பெக்கன்பவரின் பயிற்சிமுறை: ஒரு மறுவாசிப்பு

பிரான்ஸ் பெக்கன்பவர் தம் ஆட்டமுறைக்குத் தாமே ஒரு மூலம் காட்டியிருக்கிறார். இன்டர் மிலானின் இடப்புறத் தடுப்பாட்டக்காரர் ஃபக்கெத்தி ஓரமாக ஏறித் தாக்குவதைக் கண்டு, அதையே தடுப்பு வரிசையின் நடுவிலிருந்து செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். இவ்விளக்கத்தை ஏற்பவர்கள் அத்துடன் நிற்பதில்லை. 1984-இல் மேற்கு ஜெர்மனியின் பொறுப்பேற்ற பிறகு அவர் எடுத்த முடிவுகளுக்கும் இதையே வேராக்குகிறார்கள். யாரையும் காக்கும் பொறுப்பின்றிக் கட்டற்று ஆடிய லிபெரோ, வீரர்களையும் கட்டற்று ஆடவிட்டார் என்பது அவர்கள் வாதம்.

அவர் ஆடிய முறைக்கு இது பொருந்தலாம். பயிற்சிமுறைக்குப் பொருந்தாது. பேயர்ன் மியூனிக்கில் லிபெரோ ஆன பின்னும், தேசிய அணிக்கு அவர் 1970 உலகக் கோப்பை வரை நடுக்களத்திலேயே ஆடினார். லிபெரோ ஆன ஆண்டு இதுவென ஒன்றைக் குறிப்பதே கடினம். அந்த நடுக்கள ஆண்டுகளில் அவருக்கு ஒரு காவல் வேலையும் இருந்தது. 1966 வெம்ப்ளி இறுதியாட்டத்தில் அவர் இங்கிலாந்தின் பாபி சார்ல்டனைக் கட்டிப்போட்டார். சார்ல்டனும் அவரைக் கட்டிப்போட்டார். இருவரின் படைப்புத் திறனும் அன்று வீணானது.

1970 ஜூன் 14, லெயோன் காலிறுதியை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து 2-0 என முன்னணியில் இருந்தது. இங்கிலாந்துப் பயிற்சியாளர் ராம்சி சார்ல்டனை வெளியே அழைத்ததால்தான் பெக்கன்பவர் விடுபட்டு கோல் அடித்தார் என்பது பழகிப்போன கதை. நிமிடக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. கோல்காப்பாளர் போனெட்டியின் உடலுக்கு அடியில் புகுந்த அந்தத் தாழ்ந்த உதையை 68-ஆவது நிமிடம் என்றும் 69-ஆவது என்றும் பதிகிறார்கள். எதைக் கொண்டாலும், சார்ல்டனுக்குப் பதில் காலின் பெல் இறங்கியது 70-இல். ஆக, சார்ல்டன் களத்தில் இருக்கும்போதே பெக்கன்பவர் முன்னேறி அடித்திருக்கிறார்.

காவலும் தாக்குதலும் ஒரே ஆளுக்கு இயலும் என்ற நம்பிக்கையை இந்த அனுபவம் அவருக்குத் தந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் 1986 இறுதியாட்டத்தில் மரடோனாவைக் காக்கும் வேலையை மத்தேயஸுக்குத் தந்ததை வேறு எப்படி விளக்குவது? 1974 இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் குரைஃபைக் காத்த ஃபோக்ட்ஸின் தொழிலே காவல்தான். அதை முன்மாதிரி எனக் கொண்டிருந்தால், ஒரு தடுப்பாட்டக்காரரையே அனுப்பியிருக்கலாம். மத்தேயஸோ அணியின் உந்துவிசை. லெயோனை எதிர்பார்த்த இடத்தில் வெம்ப்ளிதான் திரும்ப வந்தது. இரண்டு கோல் பின்தங்கிச் சமன் செய்தும் ஜெர்மனி 3-2 எனத் தோற்றது.

1990 ரோம் இறுதியாட்டத்தில் அந்த இரண்டு வேலைகளும் பிரிந்தன. மரடோனாவைத் தடுப்பாட்டக்காரர் புக்வால்ட் பார்த்துக்கொண்டார். அத்தொடரில் 4 கோல் அடித்த மத்தேயஸ் காவல் சுமையின்றி ஆடினார்.

லிபெரோ வாதத்தினர் 1990 அணியின் லிபெரோ அகெந்தாலரைச் சுட்டக்கூடும். அவர் பெனால்டி பகுதிவரை ஏறி, அர்ஜென்டினா கோல்காப்பாளர் கோய்கோசேயாவால் வீழ்த்தப்பட்டது உண்மை. ஆனாலும் பெக்கன்பவர் பயிற்றுவித்த இரண்டு இறுதியாட்டங்களுக்கும் இடையே இடம் மாறியவர் மத்தேயஸ். மாற்றத்தை விளக்க வேண்டியதும் அங்கேதான்.

இரண்டு தடைகள் மீதமிருக்கின்றன. 1986-இல் மத்தேயஸைக் காவலுக்கு விட்ட முடிவில், பயிற்சி உரிமம் பெற்றிருந்த உதவியாளர் கோப்பெலின் பங்கு எவ்வளவு என்பது தீராத கேள்வி. பெக்கன்பவரிடம் அந்த உரிமம் கிடையாது. ரோம் வெற்றியையும் சான்றாக்க முடியாது: அர்ஜென்டினா அன்று கனிஜியா உட்பட நால்வரைத் தடையால் இழந்திருந்தது, ஒரே கோலும் பிரேமேயின் பெனால்டியில் வந்தது. எனவே என் வாதம் வெற்றியைப் பற்றியது அன்று, வேலைப் பங்கீட்டைப் பற்றியது. அதை ஃபக்கெத்தியைக் கொண்டு விளக்குவதைவிடச் சார்ல்டனைக் கொண்டு விளக்குவதே பொருந்தும்.