காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

நரி பரியான கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். இரவானதும் அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின.

புராணத்தைத் தள்ளி வைத்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. குதிரை துறைமுகத்திலிருந்து வரவேண்டும், அதற்குக் கஜானா கரையும், வந்த குதிரையும் தங்காது. 13-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் நிஜமாகவே நடந்தது ஏறக்குறைய இதுதான்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1290-களில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தபோது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வந்தன. முத்து வெளியே போனது, குதிரை உள்ளே வந்தது.

யாருக்கு லாபம்?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கைப் பாருங்கள். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். அதாவது ஆண்டுக்கு 3,08,000 தினார். வழியில் கடலிலேயே செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் தரவேண்டும்! இந்தப் பக்கம் பாண்டியனின் அமைச்சராகத் துறைமுகங்களைக் கவனித்தவர் தக்கியுத்தீன். அவர் வேறு யாருமல்ல, ஜமாலுத்தீனின் தம்பி. விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் தம்பி.

இவ்வளவு கொடுத்து வாங்கியவை என்ன ஆயின? அரசன் ஆண்டுக்கு 2000-க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அவ்வளவே வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்களோ லாடம் அடிப்பவர்களோ இங்கே இல்லை, வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை வரவிடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்?

வஸ்ஸாப் வேறு காரணம் சொல்கிறார். பச்சை பார்லிக்குப் பதில் வறுத்த பார்லி, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று தீனி போட்டு, 40 நாள் லாயத்தில் கட்டிக் கொழுக்க வைத்தார்களாம். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டினார்களாம்.

குதிரை ஏன் செத்தது?

இன்றைய பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் யாரைக் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார். பந்தய நாள் காலையில் தரை இறுகியிருக்கிறதா, மழையில் இளகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் குதிரையை இறக்குவதா வேண்டாமா என்றே முடிவு செய்வார். ஒரு மழைக்கே இவ்வளவு யோசனை. அரேபியாவின் வறண்ட தரையில் வளர்ந்த குதிரையோ, பல வாரம் கப்பலில் நின்றுவிட்டு நேராகப் புழுக்கமும் உப்புக்காற்றும் ஈர மண்ணும் உள்ள கரையில் இறங்கியது.

குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. புழுக்கத்தில் வியர்வை காயாது, சூடு உள்ளேயே நிற்கும். சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஆங்கிலேயப் பந்தயக் குதிரைகளிடம் இந்த நோய் கவனிக்கப்பட்டது. தானியம் மிதமிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வரும், குதிரை நிற்கவே முடியாது. பல நாள் கட்டிவைத்துத் திடீரென ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும். காரணம் தெரியாவிட்டாலும், வஸ்ஸாப் எழுதியது வெறும் கேலி அல்ல என்பது இதில் தெரிகிறது.

ஆனாலும் இரண்டு பேரையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வஸ்ஸாப் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மார்க்கோ போலோவுக்கு எண்களைப் பெரிதாகச் சொல்வது பழக்கம். சாலிஹோத்திரர், நகுலர் பெயர்களில் குதிரை நூல்கள் இந்தியாவில் இருந்தன. எனவே அறிவே இல்லை என்று சொல்லமுடியாது. நூலில் இருந்த அறிவு லாயத்தில் வேலை செய்தவர் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. “கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்” என்று குதிரையைப் பழமொழியில் குறை சொல்கிறோம். காயலில் கொள்ளும் கடிவாளமும் யார் கையில் இருந்தன என்று யோசித்தால் குற்றம் குதிரையுடையது அல்ல.

1311-ல் மாலிக் கபூர் குதிரைப்படையோடு மதுரை வரை வந்தார். தென்னகத்திலிருந்து அவர் கொண்டுபோன கொள்ளையில் 5000 குதிரைகளும் இருந்ததாக அமீர் குஸ்ரோ எழுதுகிறார். பிறகு தாமிரபரணி வண்டல் காயலையும் மூடியது. கடல் விலகி, துறைமுகம் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

முத்து விற்ற காசில் பாண்டியர்கள் உலகின் சிறந்த குதிரைகளை வாங்கினார்கள். கூடவே நாலு நல்ல குதிரைக்காரர்களையும் வரவழைத்திருந்தால் கஜானாவும் மிஞ்சியிருக்கும், குதிரையும் மிஞ்சியிருக்கும்.