நெஞ்செரிச்சலும் பத்தியமும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம், இந்திய முஸ்லிம் வணிகர் 1863-ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்றது. அங்கே சுக்கு, திப்பிலி, அதிமதுரமும் வாங்கலாம். நெஞ்செரிச்சல் மாத்திரையும் வாங்கலாம். இரண்டிற்கும் பத்தியம் உண்டு. ஆனால் அது ஒன்றன்று.

பத்தியம் என்னும் வடசொல்லுக்கு 'வழிக்கு ஒத்தது', அதாவது உடலுக்கு ஏற்றது என்பதே பொருள். ஆகாதது அபத்தியம். தமிழ் வழக்கிலோ விலக்குவதே பத்தியம் ஆகிவிட்டது. எதுக்களிப்பையும் புளியேப்பத்தையும் குன்ம நோயோடு சேர்த்து எண்ணிய நம் மருத்துவர், புளியையும் காரத்தையும் நீக்கினர். கடுமையான மருந்துகளுக்கு உப்பையும் நீக்கினர்.

மேல்நாட்டாரும் பத்தியம் வகுத்தனர்; அதில் இடறியும் விழுந்தனர். சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி, 1915-இல் வெளியிட்ட முறைப்படி, வயிற்றுப் புண்ணுற்றோருக்கு மணிக்கொருமுறை பாலும் பாலேடும் ஊட்டி, இடையிடையே சோடா உப்பும் சுண்ணச் சத்தும் கொண்ட பொடிகளைக் கொடுத்தார். எரிச்சல் தணிந்தது. ஆயினும் சிலருக்குத் தலைவலி, குமட்டல், சிறுநீரகக் கேடு ஆகியவை தோன்றியதை ஹார்ட், ரிவர்ஸ் என்னும் இருவர் 1923-இல் எடுத்துக்காட்டினர். இரத்தத்தில் சுண்ணச்சத்து மிகுந்ததே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பால் நெஞ்செரிச்சலுக்குத் தீங்கற்றது என்று நம்பும் வீடுகள் நம்மிடையே இன்றும் பல!

அதிமதுரத்தின் கதையும் இத்தகையதே. அதன் சாறு வயிற்றுப் புண்ணை ஆற்றுவதைக் கண்டு 1946-இல் எழுதிய நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதை உண்டோரில் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்குவதையும் கண்டார். அது உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகின்றது. ஆகவே இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையவர், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர் ஆகியோருக்கு அதிமதுரம் ஆகாது. மூலிகைதானே என்று எண்ணுவோர் இதனை நோக்குதல் வேண்டும்.

1988-இல் சுவீடனிலிருந்து வந்த ஒமெப்ரசோலுக்குப் புளியைவிட நேரமே பெரிய பத்தியம். உண்பதற்கு அரைமணி நேரத்திற்கு முன்னர் விழுங்கினால்தான் அது நன்கு வேலை செய்யும்; வயிறு நிறைய உண்டபின் விழுங்கினால் பயன் குறையும். அமிலம் குன்றுவதால் இரும்புச்சத்து மாத்திரையும் உடலில் குறைவாகவே சேரும். அமிலத்தை முறிக்கும் அலுமினிய, மக்னீசிய மருந்துகளோ டெட்ராசைக்ளினைப் பிணித்துவிடும். இரண்டிற்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும். இதய நோயாளர் உண்ணும் குளோபிடோக்ரலின் ஆற்றலை ஒமெப்ரசோல் குறைக்கின்றது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் எச்சரித்தது. அத்தகையோர் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாமல், எரிச்சலுக்கு வேறு மாத்திரை தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம்.