பாரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

ஈச்சிலம்பற்றுக்காரன் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதுவதா என்று இதை வாசிக்கும் சிலர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் ஓடுபவை உழவு இயந்திரமும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணமானவரும் எங்கள் ஊர்க்காரர்தான், என் பெரியம்மாவின் மகன். 2006இல் ஊரே வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தபோது ஷெல் பட்டு, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். நான் அங்கு போயிருந்த நாட்களில், வேலைத்தல நண்பர் ஒருவர் விற்க வைத்திருந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரை ஓட்டிப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் இதுவரை ஓட்டியவை எல்லாம் உயரமான, பெட்டி போன்ற ஓட்டோ கியர் கார்கள். இப்படி ஒரு கார் தன் காலுக்குச் சரிவருமா என்பதுதான் அவருடைய கேள்வி. வேகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலருக்கு நினைவில் வருவது பெரிய இயந்திரமும் பெரிய சத்தமும். அதற்கு எதிரான இன்னொரு வழியும் உண்டு. இயந்திரத்தைப் பெருப்பிக்காமல் காரின் பாரத்தைக் குறைப்பது. இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன் இந்த வழியின் முன்னோடிகளில் ஒருவர். 1962இல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோவைக்கூட எட்டவில்லை. அந்த வகைக் கார்களை மனதில் வைத்துத்தான் மஸ்டா 1989இல் தன் இரண்டு ஆசனக் காரை வெளியிட்டது. 2016இல் அதன் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் இதே எண்ணம் ஓடியது. கரிவரதன் என்பவர் மாருதி 800இன் 796 சீசீ இயந்திரத்தை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் செய்தார். சாதாரண இயந்திரம்தான், ஆனால் உடல் இலேசு. இந்தியாவில் பல பந்தய வீரர்கள் பழகியது அந்தக் கார்களில்தான்.

இப்போதுள்ள எம்எக்ஸ்-5 நான்காம் தலைமுறை. 2015இல் விற்பனைக்கு வந்தது. முந்தைய மாதிரியைவிட 100 கிலோ அளவு குறைவு. முன் மூடியும் பின் மூடியும் அலுமினியம். சில்லை இறுக்க ஐந்து நட்டுக்குப் பதிலாக நான்கு. முன்னால் பொருட்கள் வைக்கும் பெட்டிகூட இல்லை, இரண்டு ஆசனங்களுக்கும் இடையில் பின்னால் ஒரு சிறிய இடம் மட்டும் உண்டு. 1.5 லீற்றர் இயந்திரம் உள்ள காரின் எடை ஏறக்குறைய ஒரு தொன். நாங்கள் பார்த்தது கூரை தானாக மடியும் ஆர்எஃப் வகை, 2 லீற்றர், ஓட்டோ கியர், 160 குதிரைவலு. கூரையும் அதை மடிக்கும் மோட்டாரும் சேர்ந்ததால் 1,100 கிலோவுக்குச் சற்று மேல் வரும். எங்கள் நாட்டில் பலர் வைத்திருக்கும் நிசான் லீஃப் மின்சாரக் காரின் எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன்.

பாரம் குறைவதால் நடப்பது என்ன? காரை நகர்த்தவும் திருப்பவும் நிறுத்தவும் தேவைப்படும் சக்தி குறைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இது எந்தக் காருக்கும் பொதுவானது. ஆனால் பாரமான கார் வளைவில் திரும்பும்போது அதன் எடை ஒரு பக்கத்து ரயர்கள்மேல் சாய்ந்து விழும். பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தும். இலேசான காரில் இந்தச் சாய்வு குறைவு. எம்எக்ஸ்-5இல் இயந்திரத்தை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பதால், முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறைய சமமாகப் பிரிகிறது. முன் சில்லுகள் திரும்புவதற்கு, பின் சில்லுகள் தள்ளுவதற்கு.

முதல் சோதனை ஓட்டத்தில் அல்ல, ஏறுவதில். கார் மிகவும் பதிவு. இங்கிலாந்தில் எங்களைப் போலவே ஸ்ரியரிங் வலப்பக்கம். அண்ணா ஆசனத்தில் பக்கவாட்டாக இருந்து, செயற்கைக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி முதலில் உள்ளே வைத்தார், பிறகு வலது காலை. இறங்குவது அதைவிடக் கடினம். கதவு முழுதாகத் திறந்தால்தான் முடியும். "சந்தைக் கார்த் தரிப்பிடத்தில பக்கத்தில ஒருத்தன் ஒட்டி விட்டிட்டுப் போனா நான் என்ன செய்ய தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. முழங்காலுக்கு மேலே கால் இல்லாதவருக்கு இந்தக் கார் மிகுந்த சிரமம் தரும் என்பது என் கருத்து. செயற்கைக் கால் உள்ளவர்கள் எந்தக் காரை வாங்கப் போனாலும், சாவியைப் போடுமுன் ஐந்து தடவை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும்.

பிறகுதான் வீதி. இருவர் பெயரிலும் ஒரு நாள் காப்புறுதி எடுத்திருந்தோம். வெளிநாட்டுப் பயணி தன் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் அங்கு 12 மாதம் வரை கார் ஓட்டலாம். முதலில் வெறுமையான தரிப்பிடத்தில் மிக மெதுவாக ஓட்டினோம். வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஸ்ரியரிங்கை ஒரு எல்லையிலிருந்து மற்ற எல்லைக்குத் திருப்பிக் காது கொடுத்தோம். பள்ளத்தில் விழும்போது சத்தம் வருகிறதா, நேர் வீதியில் கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பின்னால் எவரும் இல்லாதபோது பலமாகப் பிறேக் பிடித்தால் நேராக நிற்கிறதா என்று பார்த்தோம். மூதூரில் பழைய அல்டோ வாங்குபவரும் இதையேதான் செய்ய வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பார்க்க வேண்டியது வளைவு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரே சீராகத் திரும்பி, வீதி நேராகத் தெரிந்த பிறகு அக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். நான் ஓட்டியபோது மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. அந்த வேகத்திலேயே, நினைத்த இடத்துக்கு நினைத்த நொடியில் கார் போனது. வீதியில் கிடந்த சிறு கற்கள்கூட ஆசனம் வழியாகத் தெரிந்தன. குறையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் இரைச்சல் அதிகம். பக்கத்தில் லொறி வந்தால் அதன் சில்லுதான் கண் மட்டத்தில் இருக்கும்.

அண்ணா அரை மணித்தியாலம் ஓட்டினார். ஓட்டோ கியரில் இடது காலுக்கு வேலையே இல்லை. அங்கு ஓட்டோ கியரில் பரீட்சை சித்தியடைந்தவருக்கு அந்த வகைக் கார் ஓட்ட மட்டுமே அனுமதி. கிராமத்து வீதியொன்றில் நிறுத்தி, 13 விநாடியில் கூரை மடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "வெருகல் பாதையில அப்பாவோட மோட்டார் சைக்கிளில நின்ட மாதிரிக் கிடக்கு" என்றார்.

பாலம் வருமுன் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாதை பாதையாக நின்று நின்றுதான் போகும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன் பாரவூர்திகள் கரையில் காத்துக் கிடக்கும். மோட்டார் சைக்கிளை நாலு பேர் வள்ளத்தில் தூக்கி வைத்து அக்கரை சேர்ப்பார்கள். பாரம் குறைவு என்றால் என்னவென்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் 90களின் பொருளாதாரத் தடைக்குள், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியதும் சின்ன இயந்திரங்களைத்தான். கார்க் கம்பனிப் பொறியியலாளர் விரும்பிக் கழற்றிப் போடுகிறார். எங்கள் சனம் கழற்றிப் போட்டவை வேறு. அண்ணாவின் வீட்டார் ஆற்றங்கரையில் விட்டுப் போனவற்றுள் அந்த மோட்டார் சைக்கிளும் ஒன்று.

இங்கே ஊரில் காலை இழந்தவர்களுக்கு ஒரு விடயம் பயன்படலாம். பஜாஜ் ஓட்டோவில் கிளச்சும் கியரும் இடது கையில், பிறேக் வலது காலில். இடது கால் தேவையில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டியில் இரண்டு பிறேக்கும் கையில். அனுமதிப்பத்திரத்துக்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். பழைய செயற்கைக் கால் தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது.

எம்எக்ஸ்-5ஐ இலங்கைக்குக் கொண்டுவருவது வேறு கதை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. உற்பத்தி வரி இயந்திரத்தின் சீசீயைப் பார்க்கும், சொகுசு வரி விலையைப் பார்க்கும், அதன்மேல் 18 சதவீத வற் வரி. காரின் எடையை எவரும் பார்ப்பதில்லை. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று வாங்கி ஓடிய நாட்டில் பார்த்திருக்கலாம்.

அண்ணா காரை இன்னும் வாங்கவில்லை. கால் ஒத்துக்கொண்டது, விலையும் பேசி முடிந்தது. படத்தைப் பார்த்த அண்ணிதான், இரண்டு ஆசனத்தில் பிள்ளையை எங்கே வைப்பது என்று கேட்டார். மாத முடிவு வரை வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.