"சீ" என்று சொல்ல முன்...

மக்தாக் என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. திமிங்கிலத்தின் தோலும் அதன் கீழே ஒட்டியிருக்கும் தடித்த கொழுப்பும் சேர்ந்த துண்டு. அலாஸ்கா, வட கனடா, கிறீன்லாந்து ஆகிய இடங்களில் வாழும் இனுவிட் மக்கள் இதைச் சிறிய சதுரங்களாக வெட்டி, பெரும்பாலும் பச்சையாகவே சாப்பிடுவார்கள். இப்படியான சாப்பாடுகளின் வீடியோ வந்தால் நம்மில் பலர் "சீ" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அதன் பின்னால் உள்ள வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்த நிலத்தில் மாதக்கணக்கில் பனிதான். தோட்டம் இல்லை, பழமரம் இல்லை. ஆனால் மனித உடம்புக்கு விற்றமின் சீ கட்டாயம் வேண்டும். அதை நம் உடம்பே தயாரிக்காது. கிடைக்காவிட்டால் ஸ்கர்வி நோய் வரும். முரசில் இரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயங்கள் மறுபடி திறக்கும், கடைசியில் உயிரே போகும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், தோடம்பழமும் எலுமிச்சையும் இந்த நோயைக் குணப்படுத்துவதைக் காட்டினார்.

1845இல் இங்கிலாந்திலிருந்து ஜோன் பிராங்க்ளின் தலைமையில் இரண்டு கப்பல்கள் ஆர்க்டிக் கடலுக்குப் போயின. டின்னில் அடைத்த இறைச்சியும் எலுமிச்சைச் சாறும் நிறையவே இருந்தன. கப்பல்கள் பனியில் இறுகிவிட்டன. 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. குளிர், பசி, நோய் எல்லாம் சேர்ந்த முடிவு அது. அதில் ஸ்கர்வியின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அதே நிலத்தில் இனுவிட் குடும்பங்கள் சீல், கலைமான், மீன் என்று கிடைத்ததைச் சாப்பிட்டு, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தன.

இரகசியம் என்ன? விற்றமின் சீ விலங்குகளிலும் உண்டு. அதிக நேரம் சமைத்தால் அழிந்துவிடும், பச்சையாகச் சாப்பிட்டால் கிடைக்கும். 1970களில் அளந்து பார்த்தபோது, 100 கிராம் திமிங்கிலத் தோலில் 30 மில்லிகிராமுக்கும் மேல் இருந்தது. நம்முடைய தேசிக்காய்ச் சாற்றுக்குக் குறையாத அளவு! அந்த மக்களிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம் இருந்தது.

கதையின் இரண்டாம் பகுதி இன்னும் கசப்பானது. 1848இல் அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் பெரிங் நீரிணையைத் தாண்டி வரத் தொடங்கின. அவர்களுக்குத் தேவை விளக்கெரிக்க எண்ணெயும், பெண்களின் இடுப்புக் கச்சைக்குத் திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடும்தான். சில பத்தாண்டுகளில் வில்தலைத் திமிங்கிலங்களில் பெரும்பகுதி அழிந்தது.

1977இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு, சில நூறு முதல் ஏறத்தாழ 2,000 வரையான திமிங்கிலங்களே மிஞ்சியுள்ளன என்ற கணக்கை வைத்து, அலாஸ்காவின் இனுபியாட் மக்கள் உணவுக்காகச் செய்யும் வேட்டையையும் தடை செய்தது. அழித்தது யார்? தண்டனை யாருக்கு?

அந்த மக்கள் வெறும் கோபத்தோடு நிற்கவில்லை. தாங்களே ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். "நீங்கள் பனியோரத்தில் நின்று கண்ணால் எண்ணுகிறீர்கள். திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், கரைக்குத் தூரத்திலும் போகும்" என்பதுதான் அவர்களுடைய வாதம். அடுத்த ஆண்டே ஒரு சிறிய எண்ணிக்கைக்கு அனுமதி கிடைத்தது. பிறகு விஞ்ஞானிகள் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போன திமிங்கிலங்களின் குரல் கேட்டது. கணக்கு ஏறியது. 2011 கணக்கெடுப்பில் 16,000க்கும் மேல்!

பிடிபடும் ஒரு திமிங்கிலம் ஊர் முழுவதற்கும் பங்கு போடப்படுகிறது. வேட்டைக்குப் போக முடியாத முதியவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சாப்பாட்டை நாம் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளை இன்னொரு சமூகத்தின் சாப்பாட்டைப் பார்த்து "சீ" என்றால், இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த மண்ணில் என்ன விளையும்? இதைச் சாப்பிடாவிட்டால் அவர்கள் எப்படி உயிர் வாழ்ந்திருப்பார்கள்? பதில் தேடும் பிள்ளை பிறகு எவரையும் இலேசில் இழிவாகப் பேசாது.