ஒத்த வரைபடம் சான்றாகுமா? மைசூருவின் குடியிருப்புப் பிரிவினையும் முகவர் ஒப்புருவாக்க முடிவுகளும்

கணினியில் உருவாக்கிய நகரம் உண்மை நகரத்தைப் போலவே அமைந்துவிட்டால், இரண்டையும் இயக்குவது ஒரே விதிதான் என்று கொள்ளலாமா? கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். முகவர் ஒப்புருவாக்கத்தின், அதாவது ஒவ்வொரு குடும்பத்தையும் விதிப்படி முடிவெடுக்கும் முகவராகக் கொண்டு கணினியில் இயக்கிப் பார்க்கும் முறையின், முடிவுகளை ஆராய்வோர் இறுதி வரைபடத்தோடு நின்றுவிடாமல், அது உருவான வழியில் பதிந்த தடங்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.

பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் விரித்துரைத்த குடியிருப்புப் பிரிவினை மாதிரியில், அண்டை வீட்டாரில் குறிப்பிட்ட பங்கினர் தன் இனத்தவராக இல்லையெனில் குடும்பம் வேறு காலியிடத்துக்குப் பெயர்கிறது. நெட்லோகோ மென்பொருளில் உள்ள வடிவத்தில் குடும்பம் விரும்பும் இந்தக் குறைந்தபட்சப் பங்கை 30 விழுக்காடாக வைத்தாலும், முடிவில் ஒத்த அண்டையர் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டுகின்றனர். மிதமான விருப்பமே கடும் பிரிவினைக்குப் போதும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் எந்தப் பிரிவினைக்கும் விருப்பமே காரணம் என்று இது நிறுவவில்லை.

மைசூருவில் இந்த வேறுபாடு முக்கியமானது. பழைய அக்ரஹாரத் தெருக்களும், தலித் மக்கள் செறிந்து வாழும் அசோகபுரமும் வெறும் விருப்பத்தால் உருவானவை அல்ல. ஷெல்லிங்கின் காலியிடத்தில் எவரும் குடியேறலாம். மைசூருவின் காலி வீட்டுக்கு உரிமையாளர் உண்டு. சாதியும் உணவும் கேட்டறிந்த பிறகே வாடகை பேசுவோர் உண்டு. மைசூருவில் 1916இல் பிறந்த சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ், 1948இல் ராம்புரா கிராமத்தில் களஆய்வு செய்தவர்; எண்ணிக்கை, நிலவுடைமை, செல்வாக்கு ஆகியவை சேர்ந்தே ஆதிக்க சாதியை உருவாக்குகின்றன என்று விளக்கினார். எல்லா முகவருக்கும் சம அதிகாரம் தரும் மாதிரி இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது.

ஆகவே இரு மாதிரிகளை அருகருகே இயக்க வேண்டும்: ஒன்றில் குடும்பத்தின் விருப்பம், மற்றதில் உரிமையாளரின் மறுப்பு. இரண்டும் ஒரே பிரிவினைக் குறியீட்டைத் தரலாம். தடங்கள்தாம் வேறுபடும். முதலாவதில் தேடுபவர் வீட்டை வேண்டாம் என்கிறார். இரண்டாவதில் வேண்டும் என்று கேட்டவருக்கு வீடு மறுக்கப்படுகிறது. தேடும் காலம், மறுக்கப்பட்ட முயற்சிகள், இறுதியில் கொடுத்த வாடகை ஆகியவற்றைக் குழுவாரியாகப் பதிய வேண்டும். சிறுபான்மைக் குழுவுக்கு விருப்ப மாதிரியிலும் தேடல் நீளக்கூடும். எனவே இரண்டிலும் குழு விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெவ்வேறு தற்செயல் தொடக்கங்களில் பலமுறை இயக்கி, சராசரியோடு பரவலையும் காட்ட வேண்டும்.

ஒப்பிடும் தரவின் அளவும் கவனத்துக்குரியது. இந்தியப் பெருநகரங்களை வார்டைவிடச் சிறிய கணக்கெடுப்புத் தொகுதி அளவில் ஆராய்ந்த நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர், வார்டு சராசரி உள்ளிருக்கும் பிரிவினையை மறைப்பதைக் காட்டியுள்ளனர். வார்டு வரைபடத்தோடு மட்டும் பொருந்தும் மாதிரி எளிய தேர்விலேயே தேறியிருக்கிறது.

இது வெறும் முறையியல் பிரச்சினை அல்ல. மறுப்பை விருப்பமாகப் படித்துவிட்டால், ஒதுக்கப்பட்டவர் தாமே ஒதுங்கினார் என்றாகிவிடும். வாடகைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கும் அவசியமில்லாமல் போகும். வீடு தேடி மறுக்கப்பட்டவர்களின் அனுபவத்தைக் களத்தில் திரட்டி, அதனோடு ஒப்பிடாத எந்த ஒப்புருவாக்கமும் காரணம் கண்டதாகக் கூறும் தகுதியைப் பெறாது.