நடந்தவர்களும் பந்தல் போட்டவர்களும்

ஒரு நல்ல காரியத்துக்காகக் கூட்டமாக நடப்பது, நடை முடிய மரத்தடியில் எல்லாருமாக இருந்து சாப்பிடுவது, வேலை செய்த தொண்டர்களுக்கு நன்றி சொல்வது. இதைக் கண்டால் எங்கட ஆக்கள் கன பேர் "இது வெள்ளைக்காரன்ர பழக்கம்" என்று சொல்லிப்போட்டுப் போய்விடுவார்கள். ரீசேர்ட்டும் பனரும் வேண்டுமானால் வெளியில் இருந்து வந்திருக்கலாம். நடக்கிறவருக்கு ஊர் கூடிச் சோறு போடுவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை.

கதிர்காமப் பாதயாத்திரையை எடுத்துப் பாருங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளைக் கடக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். இத்தனை நாளுக்கு வேண்டிய அரிசியை ஒருவராலும் சுமக்க ஏலாது. தண்ணீர்ப் பந்தல், மோர், அன்னதானம், இரவு படுக்கக் கோயில் மண்டபம் என்று வழியில் உள்ள ஊர்கள்தான் யாத்திரையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. யுத்தம் வந்து நடையைக் குழப்பியது. நடை திரும்பவும் தொடங்கியபோது, பந்தல்களும் திரும்ப முளைத்தன. எது இல்லாமல் எது நடக்காது என்று இதிலேயே விளங்கும்.

அடுத்தது சிரமதானம். 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.ரி. ஆரியரத்ன, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியால் ஒதுக்கப்பட்ட சனம் வாழ்ந்த ஊர் அது. சர்வோதய இயக்கம் அங்கேதான் தொடங்கியது. ஒதுக்கப்பட்ட ஊரில் போய்த் தங்கி, அந்த ஊர் ஆக்களோடு ஒன்றாக வேலை செய்வது அந்தக் காலத்தில் சின்ன விசயமில்லை. கிணறு வெட்டுவதைவிட அதுதான் கஷ்டமான வேலையாக இருந்திருக்கும்.

2011 ஜூலையில் 'ட்ரெயில்' நடை வந்தது. தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காகத்தான் அந்த நடை. யுத்தம் முடிந்து இரண்டே வருடம். 2016இல் அதே பாதையில் மறுபக்கமாக, பருத்தித்துறையில் இருந்து தெற்கே நடந்தார்கள். இந்த முறை காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக.

மூன்றிலும் ஒரு விசயம் ஒத்துப்போகிறது. எத்தனை கிலோமீற்றர், எத்தனை நாள், யார் தொடக்கினார் என்பதெல்லாம் பதிவில் நிற்கிறது. விடிய எழும்பி அடுப்பு மூட்டியவர், கொப்புளம் வெடித்த காலுக்கு மருந்து கட்டியவர், குப்பை பொறுக்கியவர் என்று அந்தப் பக்கம் போனால் பெயரே இல்லை. அவர்களில் கன பேர் பெண்கள். நடந்த சாமியாரின் படம் இருக்கும், பானை கழுவிய அம்மாவின் படம் இராது.

எங்கட கோயில் பந்தியில் ஒரு வழக்கம் இருக்கிறது: பரிமாறினவர்கள் கடைசியில்தான் இருந்து சாப்பிடுவார்கள். அதற்குள் சாம்பாறு ஆறிப்போயிருக்கும், பாயாசம் முடிந்திருக்கும். தொண்டர்களுக்கென்று வைக்கிற நடையும் சாப்பாடும் அந்த வரிசையை ஒரு நாளைக்காவது மாற்றுகிறது. அவர்கள் முதலில் இருக்க, மற்றவர்கள் பரிமாறுகிறார்கள்.

ஆனால் ஒரு நேரச் சாப்பாட்டோடு கணக்கு முடிந்துவிடாது. பாதயாத்திரைக்காரருக்குச் சமைத்த வயதுபோன ஆக்கள் ஊருக்கு ஊர் இன்னமும் இருக்கிறார்கள். வரலாறு படிக்கிற நாங்கள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு நடந்தவர்களின் கதை மட்டும்தான் மிஞ்சும்.